கவுன்சிலர் வருகிறார் என்றால், யார் வருகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை நெடுங்காலமாகப் படித்து வருபவள் நான். பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். தங்கள் பக்கங்களிலும் பிற நாளிதழ்களின் பக்கங்களிலும் நாள்தோறும் அச்சாகிற ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுத விரும்புகிறேன். ‘கவுன்சிலர்’ என்பதே அச்சொல். வார்டில் வாக்குக் கேட்டு வென்று நகர்மன்றத்தில் அமர்கிறவரும் கவுன்சிலர். மனம் நொந்து வருகிறவரைத் தனியறையில் உட்காரவைத்து அவர் சொல்வதைக் கேட்கிறவரும் கவுன்சிலர். ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். தமிழ் எழுத்தில் மட்டும் இவை ஒன்றாகிவிட்டன. இது எழுத்துக்கூட்டல் பற்றிய சிறு குறை என்று நானும் பல காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஒரு சுற்றறிக்கை வகுப்புதோறும் வாசிக்கப்பட்டது. வரும் வியாழக்கிழமை பிற்பகல் பள்ளிக்குக் கவுன்சிலர் வருகை தர இருப்பதாகவும், அவரைச் சந்திக்க விரும்பும் மாணவியர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. மாணவியரின் மனக்கவலைகளைக் கேட்டறிவதற்காக வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட உளவியல் படித்த ஒரு பெண்மணியைத்தான் அந்த அறிக்கை குறித்தது. செய்தி வீடுகளுக்குப் போனதும் வேறொன்றாகிவிட்டது. அந்த வியாழக்கிழமை தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது என்ற மனுக்களோடு பெற்றோர் சிலர் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். அவர்களைச் சமாதானம் சொல்லி அனுப்பியதோடு அது முடிந்திருந்தால் நான் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். என் வகுப்பில் அப்போது ஒரு பெண் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கட்டுரை நோட்டில் பாதிப் பக்கத்தோடு நிறுத்திவிடுவாள். அவளை மனத்தில் வைத்துத்தான் அந்த வருகைக்காக நான் காத்திருந்தேன். அவள் பெயர் கொடுக்கவில்லை. நானும் வற்புறுத்தக் கூடாது என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: “அவரு எங்க தெருதான் டீச்சர். எங்கப்பாவுக்கு நல்லாத் தெரிஞ்சவரு. அவர்கிட்டப் போய் எங்க வீட்டு விஷயத்த எப்படி டீச்சர் சொல்றது?”

அவள் தவறாக எதையும் புரிந்துகொள்ளவில்லை. கவுன்சிலர் என்றால் அவள் அறிந்த பொருள் அதுதான். அவள் வீட்டுக்கு வருகிற நாளிதழும் நாள்தோறும் அந்தப் பொருளில்தான் அச்சொல்லை அச்சிடுகிறது. இரு மாதங்கள் வீணாயின. பிறகு அவளுக்கு உரிய உதவி கிடைத்தது என்பதை மட்டும் இங்கே சொல்லி நிறுத்துகிறேன்.

ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகும். இரண்டுக்கும் மூலம் இலத்தீன். ஒன்று ‘கொன்கிலியும்’, கூட்டி அழைக்கப்பட்ட அவை என்பது அதன் பொருள். மற்றொன்று ‘கொன்சிலியும்’, கலந்து ஆராய்தல், ஆராய்ந்து சொல்லும் கருத்து என்பது அதன் பொருள். பண்டை ரோமானியர் வாயில் இவை வேறு வேறாகவே ஒலித்தன. ‘கி’க்கும் ‘சி’க்கும் உள்ள வேறுபாடு காதுக்கே போதுமானதாக இருந்தது. காலப்போக்கில் ‘கி’ ஒலி மென்மையடைந்து ‘சி’ ஆயிற்று. பிரெஞ்சு வழியாக இவை இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தபோது ஒலியில் வேறுபாடு ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. இடைக்கால ஆங்கிலத்தில் இரு சொற்களையும் எழுதுவோர் கலந்தே எழுதினார்கள். பதினாறாம் நூற்றாண்டு முதல்தான் அவைக்கு ஓர் எழுத்துக்கூட்டல், ஆலோசனைக்கு ஓர் எழுத்துக்கூட்டல் என்று பிரித்து வழங்கத் தொடங்கினார்கள். அவையைக் குறிக்கும் சொல்லின் நடுவே ‘சி’ (c) என்னும் ஆங்கில எழுத்தும் அதையடுத்து ‘ஐ’யும் (i) வரும், ஆலோசனையைக் குறிக்கும் சொல்லின் நடுவே ‘எஸ்’ஸும் (s) ‘இ’யும் (e) வரும். அந்த இரண்டு எழுத்துகளில்தான் இன்று முழு வேறுபாடும் நிற்கிறது.

அந்த வேறுபாடு அங்கேயும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. இலண்டன் பிரிவி கவுன்சில் ஓர் அவை. 1949 வரை நம் நாட்டு வழக்குகளின் இறுதி மேல்முறையீடு அங்கேதான் போயிற்று. அவையின் பெயரில் ‘சி’ இருக்கிறது. அதன் உறுப்பினரைக் குறிக்கும்போது ‘எஸ்’ இட்டு எழுதுவதையே அங்கே முறையாகக் கொள்கிறார்கள். அவர் அரசருக்கு ஆலோசனை சொல்பவர் என்பது காரணம். பிரெஞ்சு மொழியிலோ அவைக்கும் ஆலோசனைக்கும் இன்றும் ‘கொன்சேய்’ என்ற ஒரே சொல்தான். பிரெஞ்சுக்காரர்கள் சூழலைக் கொண்டு பொருள் கொள்கிறார்கள்.

நம் நிலை இவ்விரண்டிலும் சேராது. ஆங்கிலம் படிப்பவருக்குக் காது கைவிட்டாலும் கண் உதவுகிறது. தமிழில் ஒலியை ஒட்டியே எழுதுகிறோம். ஆகவே ஆங்கிலேயர் கண்ணுக்காகக் காத்து வைத்த வேறுபாட்டை, தமிழில் எழுதும்போது நாம் எழுத்திலிருந்து நீக்கிவிடுகிறோம். காதிலும் வேறுபாடு இல்லை, கண்ணிலும் வேறுபாடு இல்லை. சிலர் ‘கவுன்சலிங்’ என்றும் சிலர் ‘கவுன்சிலிங்’ என்றும் எழுதுகிறார்கள். ஒரே நாளிதழில் ஒரே பக்கத்தில் இரண்டும் வருவதுண்டு. ஆனால் எந்த வாசகரும் ‘ச’வையும் ‘சி’யையும் கொண்டு நகர்மன்றத்தையும் மனநலத்தையும் பிரித்தறிவார் என்று எதிர்பார்க்க முடியாது. வகுப்பில் நான் மாணவியருக்குச் சொல்லித் தரும் வழி ஒன்று இருந்தது. அவையைக் குறிக்கும் சொல் பெயர்ச்சொல் மட்டுமே. அதை வினையாக்க ஆங்கிலத்தில் வழி இல்லை. ஆலோசனையைக் குறிக்கும் சொல் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். எனவே ‘இங்’ என்று முடியுமானால் அது இரண்டாவது சொல்லாகத்தான் இருக்க முடியும். இந்த விதி தெரியாததால்தான் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகளில் நடுவே ‘சி’ போட்ட ‘கவுன்சிலிங்’கை ஆங்கில எழுத்திலேயே காண நேர்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கே பிழை திரும்பிப் போயிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரு பணிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் சேர்த்து 12,838 வார்டுகள் இருந்தன. சென்னையில் மட்டும் 200. உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டதால் ‘கவுன்சிலரம்மா’ என்ற அழைப்பும் இன்று எல்லா ஊர்களிலும் கேட்கிறது. இவர்கள் மக்கள் முன்னிலையில் வாக்குக் கேட்டவர்கள். கூட்டத்தில் பேசுவது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும். வார்டில் எல்லாருக்கும் அவர்களைத் தெரியும், தெரிந்திருக்கவும் வேண்டும். அவர்கள் வேலையே பொதுவெளியில் நடப்பது. மற்றவருடைய வேலை அறைக் கதவைச் சாத்திய பிறகே தொடங்குகிறது. அங்கே சொல்லப்பட்டது வெளியே போகாது என்ற நம்பிக்கை இல்லையென்றால் அந்த அறைக்கு யாரும் வர மாட்டார்கள். ஒருவர் ஊரறிந்தவராக இருப்பதே அவருடைய தகுதி. மற்றவர் ஊரார் அறியாதபடி காத்துக்கொடுப்பதே அவருடைய தகுதி. இவ்வளவு எதிரெதிரான இரண்டு பேருக்கு ஒரே பெயரைச் சூட்டினால், எந்த இடத்தில் மறைவு வேண்டுமோ அந்த இடத்தில் ஊர்க்கண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் மாணவி அஞ்சியது அதற்குத்தான்.

கவுன்சிலிங் என்ற சொல்லுக்கு நேர்ந்தது இதைவிடக் கவலை தருகிறது. காதல் மணம் செய்துகொண்டு காவல் நிலையத்துக்கு வந்த இருவருக்கோ, பள்ளிக்குப் போகாமல் சுற்றிய சிறுவர்களுக்கோ ‘போலீசார் கவுன்சிலிங் கொடுத்து அனுப்பி வைத்தனர்’ என்ற வாக்கியத்தை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அங்கே நடப்பது எச்சரிக்கை. சில வேளைகளில் அறிவுரை. இரண்டும் தேவைப்படும் இடங்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் உளவியல் பயின்றவர்கள் செய்வது அதுவன்று. அவர்கள் பெரும்பாலும் கேட்கிறார்கள். ‘இப்படிச் செய்’ என்று தீர்ப்புச் சொல்வதைத் தவிர்த்து, வந்தவரே தம் நிலையைத் தெளிந்துகொள்ளும் வரை கூடவே இருக்கிறார்கள். எச்சரிக்கைக்கும் கவுன்சிலிங், திட்டுக்கும் கவுன்சிலிங், உபதேசத்துக்கும் கவுன்சிலிங் என்று எழுதிக்கொண்டே போனால், உண்மையில் உதவி தேவைப்படுகிற ஒரு பெண்ணிடம் ‘கவுன்சிலிங்குக்குப் போ’ என்று சொல்லும்போது அவள் காதில் ‘உன்னைக் கண்டிக்கப் போகிறார்கள்’ என்றே விழும். அப்படி விழுவதைப் பல பெற்றோர்களிடமும் நான் நேரில் கண்டிருக்கிறேன். ‘எம் பொண்ணு என்ன தப்பு செஞ்சா?’ என்பதுதான் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி.

கல்விச் செய்திகளில் இன்னொரு வகைக் குழப்பம். மருத்துவப் படிப்புக்கான அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களை நிரப்புவது மெடிக்கல் கவுன்சிலிங் கமிட்டி. மருத்துவர்களைப் பதிவு செய்வது தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். தேசிய அளவில் இந்திய மெடிக்கல் கவுன்சில் இருந்த இடத்தில் 2020 செப்டம்பர் முதல் தேசிய மருத்துவ ஆணையம் இருக்கிறது. ‘மருத்துவக் கவுன்சில் அறிவிப்பு’ என்று சுருக்கித் தலைப்பிட்டால், பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் தந்தை எந்த அலுவலகத்தின் அறிவிப்பு என்று கொள்வார்? நீட் முடிவு வந்த நாட்களில் இதைக் கேட்டு என் வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு.

இங்கே மனம் நிறைந்து பாராட்ட வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பொறியியல் சேர்க்கைக்கும் ஆசிரியர் பணியிட மாறுதலுக்கும் ‘கலந்தாய்வு’ என்ற சொல்லைத் தமிழ் நாளிதழ்கள்தாம் ஊரெங்கும் பரப்பின. இன்று சிற்றூரில் இருக்கும் தாயும் ‘கலந்தாய்வுக்கு எப்போ கூப்பிடுவாங்க?’ என்று கேட்கிறார். அதுபோலவே சட்டமன்றத்தின் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சிலை ‘மேலவை’ என்றே எழுதினோம். 1986 நவம்பரில் அது கலைக்கப்பட்டு இத்தனை ஆண்டுகளான பின்பும் அந்தச் சொல் மக்கள் நினைவில் இருக்கிறது. நாளிதழ் ஒரு சொல்லை விடாமல் அச்சிட்டால் மக்கள் அதை எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சொல் பஞ்சம் நமக்கு என்றைக்கும் இருந்ததில்லை. குறளில் ‘அவை’ வேறு, ‘சூழ்வார்’ வேறு. அவையறிதல், அவையஞ்சாமை என்று அவைக்கு இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஆராய்ந்து கருத்துச் சொல்பவரைச் ‘சூழ்வார்’ என்று 445ஆம் குறள் கூறுகிறது. மன்னவனுக்கு அவர்களே கண் என்கிறது. அந்தக் குறள் அமைந்திருக்கும் அதிகாரத்தின் பெயர் பெரியாரைத் துணைக்கோடல். 671ஆம் குறளில் ‘சூழ்ச்சி’ என்றால் ஆராய்ந்து பார்த்தல் என்றே பொருள். இன்று அச்சொல் சதி என்னும் பொருளுக்குப் போய்விட்டதால் அதை மீட்டுவந்து பயன்படுத்த முடியாது. நான் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் ‘துணை’ என்ற சொல் இன்னும் கெடாமல் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே மனத்துயரில் இருப்பவருக்கு உதவுபவர் உளவளத்துணையாளர். அவர் செய்வது உளவளத்துணை. ஆற்றுப்படுத்தல் என்றும் வழங்குவார்கள். அவைகளையோ ‘சபை’ என்பார்கள்: மாநகர சபை, பிரதேச சபை, மாகாண சபை. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட மக்களிடையே வேலை செய்தவர்கள் கையாண்டு பழகிய சொல் உளவளத்துணை. அகராதிக்காகச் செய்துவைத்த சொல்லன்று. சபை உறுப்பினர் ஒருபுறம், உளவளத்துணையாளர் மறுபுறம் என்று இருக்கும்போது, எந்த மாணவியும் ஒருவரை மற்றவராக எண்ண வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டில் மனநல ஆலோசகர் என்ற சொல் ஓரளவு வழக்கில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு பரிவான பெயர்! அங்கே பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசுகிறவரை ஆலோசகர் என்றே குறிப்பிடுகிறார்கள். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்திலும் கணவன் மனைவியிடம் பேசுவதற்கென்று ஆலோசகர்களுக்கு இடம் இருக்கிறது. ஆலோசகர் என்ற சொல்லில் எனக்கு உள்ள ஒரே தயக்கம், அது நிதி ஆலோசகர், பாதுகாப்பு ஆலோசகர் என்று எங்கும் பரந்து கிடக்கிறது என்பதுதான். எப்படிச் செய்யலாம் என்று சொல்லித் தருபவர் என்னும் வாடையும் அதில் இருக்கிறது. முன்னே ‘மனநல’ என்ற அடையைச் சேர்த்தால் பெரும்பாலும் அந்தக் குறை தீர்ந்துவிடுகிறது. நீதிமன்றச் செய்திகளைப் பற்றிக் கவலை இல்லை. அங்கே வழக்காடும் கவுன்சலை வழக்கறிஞர் என்றே எல்லா நாளிதழ்களும் எழுதுகின்றன.

சூழலைப் பார்த்தால் புரிந்துவிடுமே என்று தங்கள் உதவி ஆசிரியர்கள் சொல்லக்கூடும். செய்தி முழுவதையும் படிக்கிறவருக்குப் புரியும். தலைப்புக்குச் சூழல் கிடையாது. சுவரொட்டிக்குச் சூழல் கிடையாது. ‘பள்ளி மாணவிகளுடன் கவுன்சிலர் சந்திப்பு’ என்ற தலைப்பைத் தேநீர்க் கடையில் நின்று படிக்கிறவர் உள்ளே புரட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு கவுன்சிலர்களும் ஒரே செய்தியில் வருகிற நாட்களும் உண்டு. குடிநோய் மீட்பு முகாமை வார்டு கவுன்சிலர் தொடங்கி வைக்கிறார், பிறகு கவுன்சிலர் பேசுகிறார் என்றால் யார் பேசினார் என்று வாசகர் தேட வேண்டியிருக்கிறது.

கவுன்சிலர் என்ற சொல்லையே விரட்டிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாமன்ற உறுப்பினர், நகர்மன்ற உறுப்பினர் என்று எழுதினால் மகிழ்வேன். ஆனால் மூன்று தலைமுறை மக்கள் தெருவில் சொல்லிச் சொல்லித் தமதாக்கிக்கொண்ட சொல் அது. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் ‘கவுன்சிலரைப் பாரு’ என்றுதான் வீட்டுப் பெரியவர் சொல்வார். அந்தப் பொருளில் அது இருந்துவிட்டுப் போகட்டும். கேட்பது இவ்வளவுதான்: அந்த ஒரு பொருளைத் தவிர வேறு எதற்கும் கவுன்சிலர் என்று அச்சிட வேண்டாம். மனத்துயரில் இருப்பவருக்கு உதவுகிறவரை மனநல ஆலோசகர் என்றோ, இலங்கை வழக்கை ஏற்றுக்கொண்டு உளவளத்துணையாளர் என்றோ எழுதுங்கள். சேர்க்கைக்குக் கலந்தாய்வு இருக்கவே இருக்கிறது. காவல் நிலையத்தில் எச்சரித்து அனுப்பினார்கள் என்றால் எச்சரித்து அனுப்பினார்கள் என்றே எழுதுங்கள்; அறிவுரை கூறினார்கள் என்றால் அப்படி. ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு சொல் கையில் இருக்கிறது.

தற்கொலைச் செய்திகளின் அடியில் தாங்கள் தவறாமல் ஒரு பெட்டிச் செய்தி போடுகிறீர்கள்; 104, டெலி மனாஸ் 14416 ஆகிய உதவித் தொலைபேசி எண்கள் அதில் இருக்கின்றன. அந்த நான்கு வரிகளை யார் எந்த நிலையில் படிப்பார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ‘கவுன்சிலர்களிடம் பேசலாம்’ என்று அதில் இருப்பதை ‘மனநல ஆலோசகர்களிடம் பேசலாம், பேசுவது யாருக்கும் தெரியவராது’ என்று மாற்றித் தர முடியுமா? நாளைய பதிப்பிலேயே செய்யக்கூடியது என்பதால் அதிலிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கும்பகோணம்.